கேட்காமல் வந்தவள்

திண்டிவனத்தில் நான் வேலை பார்க்கும் வங்கியில், என் கவுண்டர் கண்ணாடியில் ஒரு பெயர்ப்பலகை ஒட்டியிருக்கிறது. ந. பாஞ்சாலி. செலான் நீட்டுகிற பத்து பேரில் ஒருவராவது அதைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்ப்பார். வயதானவர்கள் "நல்ல பேரும்மா" என்பார்கள். இளவட்டங்களுக்கு உதட்டோரம் ஒரு சிரிப்பு வரும். அந்தச் சிரிப்பு எனக்கு அத்துப்படி. பள்ளிக்கூடத்தில் பையன்கள் ஐந்து விரலையும் விரித்துக் காட்டிச் சிரித்த அதே சிரிப்பு. அப்படிச் சிரித்தவர்களின் செலானில் தேதி விட்டுப்போயிருக்கிறது, கையெழுத்து ஒத்துவரவில்லை என்று ஏதாவது ஒரு குற்றம் கண்டுபிடித்து இன்னொரு தடவை வரிசையில் நிற்க வைத்துவிடுவேன். மேனேஜருக்கு இது தெரியாது.

இத்தனைக்கும் எங்கள் பக்கத்தில் இது அபூர்வமான பெயர் கிடையாது. விழுப்புரம் மாவட்டத்தில் எங்கே திரும்பினாலும் ஒரு திரௌபதி அம்மன் கோயில். தீமிதி நடக்கிற ஊரில் தெருவுக்கு ஒரு பாஞ்சாலி. ஆறாம் வகுப்பில் என்னோடு சேர்த்து மூன்று பேர் இருந்தோம். பத்தாம் வகுப்புக்கு வருவதற்குள் ஒருத்தி பவித்ரா ஆகிவிட்டாள், இன்னொருத்தி ப்ரீத்தி ஆகிவிட்டாள். அத்தனை பையன்களின் ஐந்து விரல்களையும் நான் ஒருத்தி தாங்க வேண்டியதாகிவிட்டது.

அது 2008. பொதுத்தேர்வுக்குப் பெயர்ப்பட்டியல் எடுக்கிற நேரம். "இதுல எப்படி ஏறுதோ அதுதான் கடைசி வரைக்கும். மாத்தணும்னா இப்பவே மாத்திக்கங்க. அப்பாகிட்ட ஒரு லெட்டரு, கூடவே பர்த் சர்ட்டிபிகேட்டு" என்று பள்ளிக்கூடத்துக் கிளார்க் ஒவ்வொரு வகுப்பாக வந்து சொன்னார். எனக்கு இது போதாதா? அன்றைக்கே நோட்டின் கடைசிப் பக்கத்தில் ந. பூஜா என்று இருபது தடவை கையெழுத்துப் போட்டுப் பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது.

ஒரே ஒரு சிக்கல். என்னை வளர்த்தது அத்தை. அப்பாவுக்கு மூத்தவள். அவள் புருஷன் இறந்துபோய்ப் பிள்ளைகுட்டி இல்லாமல் திண்டிவனத்தில் தனியாக இருந்தபோது, மூன்று வயதில் என்னை அவளிடம் அனுப்பினார்கள். பஸ் ஸ்டாண்டு வாசலில் கூடை வைத்து வேகவைத்த மல்லாட்டை விற்பாள். வேர்க்கடலைக்கு எங்கள் பக்கத்தில் அதுதான் பெயர். ஊருக்கெல்லாம் அவள் மல்லாட்டையக்கா. அவள் என்னை ஒரு நாளும் "ஏய்" என்றோ "பாப்பா" என்றோ கூப்பிட்டதில்லை. பஸ் ஸ்டாண்டின் அந்தக் கோடியில் நான் வந்தால் இந்தக் கோடியிலிருந்து "பாஞ்சாலீ" என்று முழுப்பெயரையும் நீட்டிக் கூப்பிடுவாள். நாலு டிரைவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எனக்கு மானம் போகும்.

ஆகவே அவளிடம் சொல்லவில்லை. அம்மாவைப் பார்க்க வேண்டும் என்று பொய் சொல்லிவிட்டு, சனிக்கிழமை விழுப்புரம் போய் பஸ் மாறி மண்டகப்பட்டில் இறங்கினேன். பல்லவ ராஜா தன் பட்டப்பெயரைக் குகைக் கல்லில் வெட்டி வைத்துவிட்டுப் போன ஊர் எங்களுடையது. ஆயிரத்து நானூறு வருஷமாக அந்தப் பெயரை யாரும் மாற்றச் சொல்லவில்லை. அவருக்கென்ன, பத்தாம் வகுப்பா படித்தார்.

அப்பா கொல்லையில் மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன்.

"பூஜாவா? நல்லாத்தான் கீது. அத்த இன்னா சொல்லுச்சி?"

"அத்தைதான் போய்ட்டு வான்னு அனுப்புச்சி" என்றேன். இரண்டாவது பொய்.

அப்பா நான் எழுதிக் கொண்டுபோன கடிதத்தில் நடராசன் என்று கையெழுத்துப் போட்டார். டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துக் கொடுத்தார். உள்ளே நாலாக மடித்த சான்றிதழ் ஈரத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது. பிரித்தால் கிழிந்துவிடும் போலிருந்தது, பஸ்ஸும் வந்துவிட்டது. அப்படியே பைக்குள் வைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை கிளார்க் அதைப் பதமாகப் பிரித்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு வழக்கம்போல் உரக்கப் படித்தார். "தகப்பனார் நடராசன். தாயார் செண்பகம். பிறந்த தேதி சரி. பெண். பெயர்..." நிறுத்தினார். "போதும்பொண்ணு."

பக்கத்து அறையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"சார், அது வேற யாருதாவது இருக்கும்."

"உன்னோடதுதாம்மா. எல்லாம் சரியா இருக்குது, பேரு மட்டும்தான் இடிக்குது. நீ இதைக் கொடுக்காமலே இருந்திருந்தா ஸ்கூல் ரெக்கார்டுல உள்ளபடி பாஞ்சாலின்னே போயிருக்கும். இப்ப என் கைக்கு வந்தாச்சி. பார்க்காத மாதிரி நான் இருக்க முடியாது. வெள்ளிக்கிழமை லிஸ்ட் போகுது. அதுக்குள்ள அப்பாவையும், பேரு வச்சப்ப கூட இருந்தவங்களையும் கூட்டிக்கினு போயி தாலுக்கா ஆபீசுல திருத்தி வாங்கிக்கினு வா. இல்லன்னா இதுல உள்ள பேருதான் மார்க் ஷீட்டுல வரும்."

"அப்ப பூஜா?"

"பூஜாவை அப்புறம் பார்க்கலாம். முதல்ல பாஞ்சாலின்னு ஒருத்தி இருக்கிறாள்னு நிரூபிம்மா."

வெளியே ஒரு ரூபாய் போன் இருந்த கடைக்கு ஓடினேன். அப்பாவின் செல்லுக்கு அடித்துக் கத்தினேன். அவர் இழுத்து இழுத்துச் சொன்னார்.

எங்கள் பக்கத்தில் பெண்ணாகவே பிறந்துகொண்டிருக்கிற வீட்டில் கடைசிப் பெண்ணுக்குப் போதும்பொண்ணு என்று பெயர் வைப்பார்கள். பெண் போதும், அடுத்தது பையனாகக் கொடு என்று சாமிக்கு ஒரு விண்ணப்பம். நான் மூன்றாவது பெண். அப்பா அந்தப் பெயரை முடிவு செய்து, நான் பிறந்த பன்னிரண்டாம் நாளே கிராம அதிகாரியிடம் எழுதிக் கொடுத்துவிட்டார். ஆனால் எங்கள் வழக்கப்படி பெயரைச் சொல்ல வேண்டியவள் அத்தை. பதினாறாம் நாள் குழந்தையை மடியில் போட்டு, சர்க்கரைத் தண்ணீர் தொட்டு வைத்து, அப்பனோடு பிறந்தவள் காதில் மூன்று தடவை சொல்ல வேண்டும். அவள் சொன்னதுதான் பெயர்.

"அன்னைக்கி எல்லாரும் போதும்பொண்ணுன்னு சொல்லப் போறான்னு பாத்துக்கினு இருந்தோம். அவ பாஞ்சாலின்னு சொல்லிட்டா. அதுவும் காதுல சொல்லல, ஊரே கேக்கற மாரி சொன்னா. பெரிய சண்டயாயிடுச்சி. அடுத்தது பையன் பொறக்கலன்னா அதுக்கு இவதான் காரணம்னு பேசிக்கினாங்க. ரெண்டு வருசம் அவ நம்ம வூட்டுப் பக்கமே வரல."

பையன் பிறக்கவில்லை. எனக்குப் பிறகு யாருமே பிறக்கவில்லை.

"ஏன் அப்பிடிச் சொன்னாங்க?"

"கேட்டேன். சொல்லிட்டேன், அவ்ளோதான்னா. ரிஜிஸ்டர்ல எழுதுனது ரிஜிஸ்டர்லயே நின்னுடுச்சி. நானும் மறந்துட்டேன்" என்றார் அப்பா.

போனை வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். எனக்கு எல்லார் மேலும் கோபம். அத்தை கூடைக்குப் பின்னால் உட்கார்ந்து ஆழாக்கில் மல்லாட்டை அளந்துகொண்டிருந்தாள். பையைத் தொப்பென்று போட்டுவிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். பூஜா, பொய், சான்றிதழ், கிளார்க், சிரிப்பு, எதையும் விடவில்லை. கடைசியில், "எவ்வளவு அசிங்கம் தெரியுமா? போதும்பொண்ணுன்னு யாராவது பேரு வைப்பாங்களா? அந்தப் பேரோட ஒரு மனுசி எப்பிடி வெளியில..." என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே ரேஷன் கார்டு ஞாபகம் வந்தது.

ரேஷன் கார்டில் குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அத்தையின் பெயர் போதும்பொண்ணு என்று இருக்கும். மாதா மாதம் சர்க்கரை வாங்கப் போகும் நான் பார்க்காத எழுத்தா? அத்தையும் ஒரு மூன்றாவது பெண். அவளுக்கு அந்தப் பெயர் வைத்த பிறகுதான் அப்பா பிறந்தார். அந்தப் பெயர் வேலை செய்யும் என்று குடும்பமே நம்பியதற்கு அப்பாதான் சாட்சி.

அத்தை ஆழாக்கைக் கீழே வைக்கவில்லை. வாடிக்கைக்காரருக்குப் பொட்டலம் கட்டிக் கொடுத்து, சில்லறை வாங்கி, மேலே நாலு மல்லாட்டை கொசுறும் போட்டாள். என் வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாமே என்று நினைத்த தருணங்களில் அதுதான் முதலிடம்.

"அத்த..."

"வுடு. நெசத்தத்தான சொன்ன." கூடையின் ஈரச்சாக்கை இழுத்து மூடினாள். "மார்க் சீட்டுல அந்தப் பேரு வரக்கூடாது. அவ்ளோதான? என்னிக்கி போவணும்?"

"அப்பாவும், பேரு வச்சப்ப கூட இருந்தவங்களும் வரணுமாம்."

"கூட இருந்தது இன்னா, வச்சதே நாந்தான். புதங்கெழம போலாம். அப்புறம் பூஜாவோ ராஜாவோ, இன்னா வேணா வச்சிக்கோ. நான் கேக்கமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தை எனக்குச் சுருக்கென்றது.

புதன்கிழமை விழுப்புரம் தாலுக்கா ஆபீஸ். அப்பா வேட்டி சட்டையில் முன்னாடியே வந்து வேப்பமரத்தடியில் நின்றிருந்தார். அத்தை தீமிதிக்கு மட்டும் கட்டுகிற மஞ்சள் புடவையைக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். அக்காவும் தம்பியும் ஒருவருக்கொருவர் "சாப்ட்டியா" என்று கேட்டதோடு சரி.

அந்த செக்ஷனில் மாசிலாமணி என்ற குமாஸ்தா இருந்தார். நல்ல மனிதர்தான். என்ன, எதையும் ஒரு தடவை கிண்டல் செய்யாமல் நகர்த்த மாட்டார். பள்ளிக்கூடத்துச் சான்று, அப்பாவின் மனு, எல்லாவற்றையும் பார்த்துவிட்டு அத்தையின் வாக்குமூலத்தை அவரே எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார்.

"குழந்தைக்குப் பாஞ்சாலி என்றே பெயர் சூட்டப்பட்டது என்றும், போதும்பொண்ணு என்ற பெயர் தவறுதலாகப் பதிவாகிவிட்டது என்றும் உறுதி கூறுகிறேன். இப்படிக்கு..." பேனாவைத் தூக்கினார். "உங்க பேரு இன்னாம்மா?"

"போதும்பொண்ணு."

"குழந்த பேரைக் கேக்கலம்மா. உங்க பேரு."

"அதான் சொன்னேன். போதும்பொண்ணு."

மாசிலாமணி அத்தையைப் பார்த்தார், காகிதத்தைப் பார்த்தார், சிரிப்பை அடக்க முயன்றார். முடியவில்லை. "சரியாப் போச்சி. போதும்பொண்ணு தப்புன்னு போதும்பொண்ணே கையெழுத்து போடுது. மேல இருக்கறவரு என்னைக் கேட்டா நான் இன்னா பதில் சொல்றது? ஏம்மா, உனக்கு இருக்கற பேரு அந்தப் பொண்ணுக்கு இருந்தா ஆவாதா? அப்பிடியே மாத்துனதுதான் மாத்துன, பாஞ்சாலிய வுட்டா உனக்கு வேற நல்ல பேரு கெடைக்கலியா?"

அப்பா, "வுடுக்கா, அவரு வேலைய அவரு பாக்கறாரு" என்று முணுமுணுத்தார். அத்தை நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பஸ் ஸ்டாண்டில் என்னைக் கூப்பிடுகிற அதே குரலில்தான் பேசினாள். அந்தக் குரலுக்கு அந்த அறை சின்னது.

"சார், நீங்க தீ மிதிச்சிருக்கீங்களா?"

"மிதிச்சிருக்கேன். எங்க ஊர்லயும் அம்மன் கோயில் கீது."

"அந்த அம்மா எப்பிடிப் பொறந்தான்னு தெரியும் இல்ல? பாஞ்சால ராஜா யாகம் பண்ணான். எதுக்குப் பண்ணான்? ஆம்பளப் புள்ள வேணும்னு பண்ணான். கேட்ட மாரியே நெருப்புல இருந்து புள்ள வந்துச்சி. அதோட யாகம் முடிஞ்சிதா? பின்னாலயே ஒரு பொண்ணு எழுந்து வந்துச்சி. அத யாரும் கேக்கல. யாரும் வேணும்னு சொல்லல. அதுவா வந்துச்சி. அந்த ராஜாவுக்குப் பொறந்தவன்னுதான் அவளுக்கு பாஞ்சாலின்னு பேரு. கேட்டு வாங்குன புள்ளைக்கு எந்த ஊர்ல சார் கோயில் கீது? நீங்க பாத்திருக்கீங்களா? கேக்காம வந்தாளே, அவளுக்குத்தான ஊருக்கு ஊரு கொடி ஏத்தறோம், அவ முன்னாலதான தீ மிதிக்கிறோம்?"

பக்கத்து மேஜைகளில் பேனா சத்தம் நின்றிருந்தது.

"இதுவும் கேக்காம வந்த பொண்ணுதான். இவ பொறந்த அன்னைக்கி எங்க வூட்ல அடுப்பு எரியல சார். எல்லாரும் மூஞ்சியத் தொங்கப்போட்டுக்கினு உக்காந்திருந்தாங்க. நான் பொறந்தப்பவும் அப்பிடித்தான் இருந்திருக்கும். காதுல சொல்லுன்னு குழந்தைய என் மடியில போட்டாங்க. அது என்னயே பாத்துக்கினு இருந்துச்சி. நீ போதும்னு நான் எப்பிடி சார் அது காதுல சொல்லுவேன்? அதான் பாஞ்சாலின்னு சொன்னேன். தெரிஞ்சிதான் சொன்னேன். வேற பேரு கெடைக்காம சொல்லல."

கேட்டு வாங்கிய பிள்ளையான எங்கள் அப்பா மின்விசிறியைப் பார்த்தார். பிறகு சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார். பார்க்க வேறு எதுவும் இல்லாமல் போன பிறகு அக்காவைப் பார்த்தார்.

"எழுதுங்க சார்" என்றார். "தப்பு எம்மேலதான். எங்க அக்கா வச்ச பேருதான் எம் பொண்ணு பேரு. பாஞ்சாலின்னே எழுதுங்க."

மாசிலாமணி வாக்குமூலத்தைத் திருப்பி அத்தையின் பக்கம் நகர்த்தி, மைப் பெட்டியை எடுத்தார். "ரேகை வேணாம். நான் கையெழுத்து போடுவேன்" என்றாள் அத்தை. என் ஒன்றாம் வகுப்புச் சிலேட்டில் என்னோடு சேர்ந்து கற்றுக்கொண்ட எழுத்து. ஒவ்வொரு எழுத்தாக, கொம்பு, கால், புள்ளி எதையும் விடாமல் போதும்பொண்ணு என்று எழுதினாள். அந்தப் பெயரை இவ்வளவு நிமிர்ந்து யாராலும் எழுத முடியாது. எனக்குப் பெருமையாக இருந்தது. அழுகையாகவும் வந்தது. நான் அவள் மருமகள் என்று அந்த ஆபீஸ் முழுக்கக் கத்த வேண்டும் போலிருந்தது.

மூன்றரை மணிக்குக் கையெழுத்தும் முத்திரையும் வைத்த புதுச் சான்றிதழ் கைக்கு வந்தது. மாசிலாமணி அதை என்னிடம் கொடுக்காமல் எழுந்து வந்து அத்தையிடம் கொடுத்தார். "சரியா இருக்குதான்னு பாத்துக்கம்மா" என்றார். கிண்டல் இல்லை.

"ஸ்கூல்ல அப்புறம் பூஜான்னு மாத்தறதுக்கு அந்த லெட்டரு வேணுமே, வச்சிருக்கியா?" என்று வெளியே வந்ததும் அப்பா கேட்டார். நான் பையிலிருந்து அந்தக் கடிதத்தை எடுத்து நாலாகக் கிழித்து வேப்பமரத்தடிக் குப்பையில் போட்டேன். அப்பா அக்காவுக்கு ஒரு முழம் பூ வாங்கிக் கொடுத்துவிட்டு மண்டகப்பட்டு பஸ்ஸுக்குப் போனார்.

திண்டிவனம் பஸ்ஸில் எங்களுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. அத்தை சான்றிதழை மடிக்கவில்லை. மடியில் விரித்து, காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் அமுக்கிப் பிடித்துக்கொண்டு வந்தாள். விக்கிரவாண்டி தாண்டியதும் கேட்டேன்.

"அத்த, உனக்குக் காதுல பேரு சொன்னது யாரு?"

"எனக்கா? எனக்கு யாரு சொன்னாங்க? மூணாவது பொண்ணுக்கு இன்னாத்துக்கு சர்க்கரத் தண்ணியும் சாங்கியமும்னு வுட்டுட்டாங்க. போதும் போதும்னு கூப்ட்டுக் கூப்ட்டே அது பேராயிடுச்சி." ஜன்னலுக்கு வெளியே பார்த்தாள். "சின்ன வயசுல தீமிதி பாக்கப் போவும்போதெல்லாம், நமக்குப் பாஞ்சாலின்னு பேரு வச்சிருக்கலாமேன்னு நெனச்சிக்குவேன். யார்கிட்டயும் சொன்னதில்ல. அப்பிடியே மனசுல வச்சிருந்தேன். நீ வந்த, உனக்குக் குடுத்துட்டேன்."

பையில் சர்க்கரை இல்லை. தண்ணீர் பாட்டில் இருந்தது. மூடியில் கொஞ்சம் ஊற்றி விரலால் தொட்டு அவள் உதட்டில் வைத்தேன். "இன்னாடி பண்ற, ஜனங்க பாக்கறாங்க" என்று அவள் முகத்தைத் திருப்புவதற்குள் அவள் காதருகே குனிந்தேன்.

"பாஞ்சாலி. பாஞ்சாலி. பாஞ்சாலி."

கண்டக்டர் எங்களைத் தாண்டிப் போனார். பஸ் கூட்டேரிப்பட்டில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு கிளம்பியது. அத்தை வெகுநேரம் வெளியேயே பார்த்துக்கொண்டிருந்தாள். கோபித்துக்கொண்டாளோ என்று எனக்குப் பயமாகிவிட்டது. பிறகு தலையை மெதுவாகத் திருப்பி, மற்றக் காதை என் பக்கம் சாய்த்தாள்.

"ஜல்தியா சொல்லிட்ட. சரியா கேக்கல. இன்னொரு தபா சொல்லு."